மாதவிடாய் நிற்கும் காலம்: எது தானாகப் போகும், எது போகாது?

நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் கூடிப் பேசும்போது ஒரு கட்டத்தில் குரல் தாழும். அப்புறம் இந்தக் கேள்விகள்தான் வரும். நான் மருத்துவர் இல்லை. இந்தக் கட்டத்தைக் கடந்து வந்தவள், கடக்கும்போது கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தவள். "எல்லாருக்கும் வருவதுதானே, பொறுத்துக்கொள்" என்றுதான் எனக்கும் சொன்னார்கள். அது பாதிதான் சரி. சில தொந்தரவுகள் காலம் போனால் தாமாக அடங்கிவிடும். சில அடங்காது, நாளாக ஆக அதிகமாகும். எது எந்த ரகம் என்று தெரிந்தால், எதைப் பொறுக்கலாம், எதற்கு மருத்துவரிடம் போகவேண்டும் என்பது பிடிபடும்.

மெனோபாஸ் என்பது சரியாக எது?

கடைசி மாதவிடாய். ஆனால் அது கடைசி என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்த பிறகுதான் திரும்பிப் பார்த்து "அதுதான் கடைசி" என்று சொல்ல முடியும். பதினோராவது மாதத்தில் ஒரு தடவை வந்துவிட்டால் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சூலகங்களில் பத்து லட்சத்துக்குக் குறையாத முட்டைகள் இருக்கும். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம் மிஞ்சும். வாழ்நாள் முழுவதும் முதிர்ந்து வெளியே வருவது நானூறு சொச்சம்தான். மற்றவை உள்ளேயே கரைந்துபோகும். இருப்பு தீரத் தீர, சூலகம் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதும் குறைகிறது. மூளை, எலும்பு, தோல், ரத்தக்குழாய், சிறுநீர்ப்பை எல்லாமே அந்த ஹார்மோனுக்குப் பழகியவை. அதனால்தான் கர்ப்பப்பைக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களிலெல்லாம் தொந்தரவு தலைகாட்டுகிறது.

எந்த வயதில் வரும்? அம்மாவுக்கு நின்ற வயதில்தான் எனக்கும் நிற்குமா?

பெரும்பாலும் 45-க்கும் 55-க்கும் இடையில். அம்மாவின் வயது ஓரளவு துப்புக் கொடுக்கும், அதை உறுதியாக நம்ப முடியாது. புகைபிடிப்பவர்களுக்கு ஓரிரு வருடம் முன்னதாகவே நிற்கும். 45-க்கு முன்பே நின்றால் அது சீக்கிரம். 40-க்கு முன்பே நின்றால் அதைத் தனிப் பிரச்சினையாகவே பார்க்க வேண்டும். எலும்பும் இதயமும் பத்துப் பதினைந்து வருடம் முன்னதாகவே ஈஸ்ட்ரோஜனை இழக்கின்றன என்பதால், வேறு தடை இல்லாவிட்டால், இயல்பாக நிற்கவேண்டிய வயது வரை ஹார்மோன் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். "நல்லதாப் போச்சு, தொல்லை விட்டது" என்று சும்மா இருந்துவிடக் கூடாத நிலை இது.

மாதவிடாய் இன்னும் வருகிறது, ஆனால் தாறுமாறாக. இதுவும் மெனோபாஸ்தானா?

அதற்கு முந்தைய கட்டம். சராசரியாக நான்கு வருடம் நீளும். சிலருக்கு எட்டுப் பத்து வருடம்கூட ஆகும். உண்மையில் பலருக்கு மிகவும் கஷ்டமான காலம் இதுதான். ஹார்மோன் ஒரே சீராக இறங்குவதில்லை. ஒரு வாரம் ஏறும், அடுத்த வாரம் சரியும். இருபது நாளில் ஒரு தடவை வரும், அப்புறம் மூன்று மாதம் வராது, வந்தால் கொட்டும். மணிக்கொரு நாப்கின் மாற்றவேண்டிய அளவுக்குப் போனாலோ, பெரிய கட்டிகளாக வந்தாலோ, உறவுக்குப் பிறகு ரத்தம் பட்டாலோ, "இந்த வயதில் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். ஃபைப்ராய்டு கட்டி, கருப்பையின் உட்சுவர் தடிப்பது என்று வேறு காரணங்கள் இருக்கலாம். ரத்தசோகை சத்தமில்லாமல் சேர்ந்துகொள்ளும். களைப்பையெல்லாம் மெனோபாஸ் கணக்கில் எழுதிக்கொண்டிருப்போம், உண்மையில் குறைந்திருப்பது இரும்புச்சத்தாக இருக்கும். கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் அதிக ரத்தப்போக்கை நன்றாகவே கட்டுப்படுத்தும், கருத்தடையாகவும் வேலை செய்யும்.

ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடாதா?

45-ஐத் தாண்டியவருக்குப் பெரும்பாலும் தேவையே இல்லை. இதற்குப் பார்ப்பது சூலகத்தைத் தூண்டும் எஃப்.எஸ்.ஹெச் என்ற ஹார்மோனை; அதன் அளவு அன்றாடம் மாறும். இன்று உயர்ந்திருக்கும், அடுத்த மாதம் இயல்பாக இருக்கும். வயதும் அறிகுறிகளுமே போதும். நாற்பதுக்குள் நின்றவர்களுக்கு மட்டும் சில வார இடைவெளியில் இரண்டு முறை பார்ப்பது அவசியம்.

திடீரென்று நெஞ்சிலிருந்து முகம் வரை குப்பென்று சூடேறி, வியர்த்துக் கொட்டி, பிறகு குளிர்கிறதே, ஏன்?

நான் ஆறு மாதம் மின்விசிறியில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோளாறு மூளையில் இருக்கும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டில்.

உடம்பு தன் வெப்பத்தை ஒரு வரம்புக்குள் வைத்திருக்கிறது. அந்த வரம்புக்குள் கொஞ்சம் ஏறி இறங்கினால் மூளை கண்டுகொள்ளாது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது ஹைபோதலாமஸ் பகுதியில் சில நரம்பணுக்கள் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு, அந்த வரம்பு மிகக் குறுகிவிடுகிறது. வெப்பம் இம்மியளவு ஏறினாலே "சூடு தாங்கவில்லை" என்று மூளை முடிவுகட்டி, தோலின் ரத்தக்குழாய்களை விரித்து, வியர்வையைத் திறந்துவிடுகிறது. வெப்பம் வெளியேறியதும் குளிர் நடுக்கம். ஒன்றிலிருந்து ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. நமக்கோ உள்ளே அடுப்பு பற்றவைத்தது போல இருக்கும். கூடவே நெஞ்சு படபடக்கும், காரணமில்லாத ஒரு பயம் வரும். இரவில் வந்தால் உடுப்பும் படுக்கை விரிப்பும் நனைந்துபோகும். நான்கில் மூன்று பெண்களுக்கு ஏதோ ஓர் அளவில் இந்த வெக்கை வருகிறது.

எவ்வளவு காலம் இருக்கும்?

பல வருடங்கள் என்பதுதான் நேர்மையான பதில். முன்பெல்லாம் ஓரிரு வருடம் என்று சொல்லிவந்தார்கள். அமெரிக்காவில் பல இனப் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஸ்வான் ஆய்வின் முடிவு 2015-இல் வந்தபோது, அடிக்கடி வெக்கை வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது 7.4 வருடத்துக்கு மேல் நீடித்தது என்று தெரிந்தது. மாதவிடாய் நிற்பதற்கு முன்பே தொடங்கியவர்களுக்கு இன்னும் நீண்டது. நின்ற பிறகு தொடங்கியவர்களில் பாதிப் பேருக்கு மூன்றரை வருடத்துக்குள் முடிந்தது. ஆக, இது தானாகப் போகும் ரகம்தான். ஆனால் ஏழு வருடம் தூங்காமல் "தானாகப் போகும்" என்று காத்திருப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது.

மருந்தில்லாமல் வெக்கைக்கு என்ன செய்யலாம்?

பருத்தி உடுப்பு, அடுக்கடுக்காக அணிந்து கழற்றுவது, படுக்கையறையைக் குளிர்ச்சியாக வைப்பது, மதுவையும் காரத்தையும் சூடான பானத்தையும் குறைப்பது: எல்லா இடத்திலும் இந்த அறிவுரைதான் இருக்கும். அந்த நிமிடத்தைச் சமாளிக்க உதவும், செலவுமில்லை. ஆனால் வெக்கை வரும் எண்ணிக்கையை இவை குறைப்பதாக நல்ல ஆதாரம் இல்லை. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-இல் வெளியிட்ட பரிந்துரையில் குளிர்விக்கும் உத்திகள், யோகா, உடற்பயிற்சி, மூச்சுப் பயிற்சி எதையும் வெக்கைக்கான சிகிச்சையாகச் சேர்க்கவில்லை. உடற்பயிற்சி எலும்புக்கும் இதயத்துக்கும் மனசுக்கும் கட்டாயம் வேண்டும். வெக்கை குறையவில்லையே என்று அதை நிறுத்திவிடாதீர்கள், அவ்வளவுதான். அவர்கள் ஏற்றுக்கொண்டவை மருந்துகள் தவிர மிகச் சில: அறிதல்-நடத்தை சிகிச்சை எனப்படும் மனப்பயிற்சி, மருத்துவ ஹிப்னாஸிஸ், கூடுதல் எடை இருந்தால் அதைக் குறைப்பது. மனப்பயிற்சி சூட்டைத் தணிக்காது. "ஐயோ, எல்லாரும் பார்க்கிறார்களே" என்ற பதற்றம் சேர்ந்து அதை இரட்டிப்பாக்குமே, அந்தப் பாதியை எடுத்துவிடும்.

நடுராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. தூக்கம் திரும்ப வருவதில்லை.

வியர்த்து விழிக்கிறீர்களா, விழித்த பிறகு வியர்க்கிறதா, சிறுநீர் முட்டி எழுகிறீர்களா என்று ஒரு வாரம் கவனியுங்கள். வெக்கை காரணமென்றால் அதற்குச் சிகிச்சை எடுத்தாலே தூக்கம் திரும்பும். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயா என்று பார்க்க வேண்டும். மெனோபாஸுக்குப் பிறகு பெண்களுக்கு அது கூடுகிறது, யாரும் சந்தேகப்படுவதும் இல்லை. இவை எதுவும் இல்லையென்றால் தூக்கமின்மைக்கான மனப்பயிற்சி தூக்க மாத்திரையைவிட நீண்டகாலம் பலன் தரும். அதில் சொல்லும் முதல் விஷயமே நம் பழக்கத்துக்கு நேர்மாறானது: தூக்கம் வராமல் படுக்கையில் புரளாதே, எழுந்து போய் வேறெங்காவது உட்கார், கண் சொக்கும்போது மட்டும் திரும்ப வந்து படு.

சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம், அழுகை. பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை மறந்துபோகிறது. எனக்கு மறதி நோய் வருகிறதா?

அநேகமாக இல்லை. சொல் தொண்டைவரை வந்து நிற்பது, அறைக்குள் போனதும் எதற்கு வந்தோம் என்று மறப்பது எல்லாம் இந்தக் கட்டத்தில் சகஜம். தூக்கக் குறைவும் இதில் சேரும். பெரும்பாலானோருக்குப் பின்னால் தெளிந்துவிடுகிறது. பழகிய பாதையிலேயே வழி தெரியாமல் போவது, பழகிய வேலையைச் செய்யத் தெரியாமல் திகைப்பது என்றால் அது வேறு விஷயம். உடனே காட்ட வேண்டும்.

மனநிலையைப் பொறுத்தவரை இரண்டையும் பிரித்துப் பாருங்கள். திடீர் எரிச்சல் வந்து போவது ஹார்மோன் ஏற்ற இறக்கத்தோடு போகும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடு இல்லாமல், காலையில் எழவே மனமில்லாமல் இருப்பது மனச்சோர்வு. அதற்குத் தனியாகச் சிகிச்சை உண்டு. முன்பு மனச்சோர்வு வந்தவர்களுக்கும், மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் மனம் மிகவும் தடுமாறியவர்களுக்கும் இந்தக் காலத்தில் அது திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல். உயிரை விடலாமா என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் உதவி கேளுங்கள்.

மூட்டு வலி, தோள் இறுக்கம், தோல் அரிப்பு, படபடப்பு... எல்லாமே இதனால்தானா?

இருக்கலாம். ஆனால் ஐம்பது வயதில் வரும் எல்லாவற்றையும் மெனோபாஸ் தலையில் கட்டுவதும் ஆபத்து. தைராய்டு கூடினாலும் வியர்க்கும், படபடக்கும், தூக்கம் கெடும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், மூச்சு வாங்குதல், மயக்கம் வருவது போலிருத்தல் இவற்றை வெக்கை என்று நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

உறவின்போது வலிக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் நம்மவர்களுக்கு அதிக வருடம் ஆகிறது. போகாத ரகத்தில் முதலாவது இதுதான்.

ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் பிறப்புறுப்பின் உட்தோல் மெலிந்து, வறண்டு, நெகிழ்வை இழக்கிறது. அங்கே இருந்த அமிலத்தன்மை மாறுவதால் நல்ல நுண்ணுயிர்கள் குறைகின்றன. விளைவு: எரிச்சல், அரிப்பு, உறவில் வலி, அவசரமாகச் சிறுநீர் முட்டுவது, திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்று. உறவே வைத்துக்கொள்ளாதவர்களுக்கும் உட்காரும்போதும் நடக்கும்போதும் எரியும். வெக்கையைப் போல இது காலப்போக்கில் அடங்காது. விட்டால் கூடிக்கொண்டே போகும். ஆண்டுக்கு நாலைந்து தடவை சிறுநீர்த் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிடும் பல பெண்களிடம் இதை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

வழி மிக எளிது. உறவின்போது மட்டும் தடவும் வழுவழுப்பு ஜெல் ஒன்று. வாரத்தில் சில நாள் வைக்கும் ஈரப்பத ஜெல் வேறு. ரப்பர் ஆணுறை பயன்படுத்தினால் எண்ணெய் கலந்ததைத் தவிர்க்க வேண்டும், ரப்பர் பலவீனமாகிவிடும். இது போதாதென்றால் பிறப்புறுப்பில் வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீமோ மாத்திரையோ உண்டு. அது ரத்தத்தில் கலப்பது மிக மிகக் குறைவு, அதனால் வருடக்கணக்கில் தொடரலாம். நிறுத்தினால் தொந்தரவு திரும்பிவிடும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும். சோப்பு, வாசனைத் திரவம் போட்டு உள்ளே கழுவுவதை அடியோடு நிறுத்துங்கள்.

வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் "வறட்சி, உறவில் வலி" என்று எழுதி மருத்துவரிடம் நீட்டுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

ஹார்மோன் சிகிச்சை எடுத்தால் புற்றுநோய் வருமாமே?

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று சொன்னால் பாதி தெளியும். அமெரிக்காவில் நடந்த பெண்கள் உடல்நல முன்முயற்சி என்ற பெரிய ஆய்வின் ஒரு பகுதியை 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்டிரோன் வகை மருந்து) சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடியது என்பது காரணம். செய்தி உலகம் முழுக்கப் பரவியது, பெண்கள் கூட்டம் கூட்டமாக மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள். எவ்வளவு கூடியது? ஒரு வருடத்தில் 10,000 பெண்களுக்கு 30 என்று இருந்தது 38 ஆனது. எட்டுப் பேர் கூடுதல். சின்ன எண், ஆனால் பூஜ்யம் இல்லை. இன்னொன்று, அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. வெக்கைக்காகச் சிகிச்சை கேட்டு வரும் ஐம்பது வயதுக்காரிகளின் கதை அல்ல அது. கர்ப்பப்பை எடுத்துவிட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடவே இல்லை.

இப்போதைய நிலை இது: 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கினால், தடை எதுவும் இல்லாத பெண்ணுக்குப் பொதுவாக நன்மையே கூடுதல். வெக்கைக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது, எலும்பையும் காக்கிறது. கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக் கூடாது, கருப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோய் வரலாம். கூடவே புரோஜெஸ்டிரோன் வகை மருந்து கட்டாயம். மாத்திரை ரத்தம் உறையும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும். தோலில் ஒட்டும் பட்டையும் தடவும் ஜெல்லும் வழக்கமான அளவில் அப்படிச் செய்வதில்லை; எனவே பருமனாக இருப்பவர்களுக்கு அவையே மேல்.

மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு, கால் ரத்தக்குழாயில் ரத்த உறைவு, முற்றிய கல்லீரல் நோய் வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்களுக்கும் இது பொதுவாகக் கூடாது.

ஹார்மோன் கூடாது, அல்லது வேண்டாம் என்றால்?

மனச்சோர்வு மருந்துகளில் சில குறைந்த அளவில் வெக்கையையும் குறைக்கும்: வென்லாஃபாக்ஸின், பராக்ஸிடின் போன்றவை. மார்பகப் புற்றுநோய்க்கு டாமாக்சிஃபென் எடுப்பவர்கள் பராக்ஸிடின் எடுக்கக் கூடாது, அந்த மருந்தின் வேலையை இது கெடுத்துவிடும். இரவு வியர்வைக்கு கேபபென்டின் உதவும், தூக்கமும் வரும். மூளையில் அளவுக்கு மீறித் தூண்டப்படும் நரம்பணுக்கள் என்று மேலே சொன்னேனே, அவற்றையே நேராக அடக்கும் ஃபெஸோலினெடான்ட் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா 2023-இல் அனுமதி கொடுத்தது. அதில் ஹார்மோன் கிடையாது. கல்லீரலை மட்டும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும்.

மூலிகை, சோயா, "இயற்கை ஹார்மோன்" எல்லாம்?

சோயாவில் ஈஸ்ட்ரோஜனைப் போன்ற பொருள் இருக்கிறது. சிலருக்குக் கொஞ்சம் பலன் என்கிறார்கள், ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. உணவாகச் சாப்பிடுவதில் தவறில்லை. பிளாக் கோஹோஷ் வேரால் அபூர்வமாகக் கல்லீரல் கெட்டிருக்கிறது. "உங்களுக்கென்றே தயாரித்தது" என்று கலந்து விற்கும் ஹார்மோன்களில் அளவு சரியாக இருக்கிறதா என்று யாரும் சோதிப்பதில்லை. இயற்கை என்ற சொல்லைப் பார்த்துப் பணப்பையைத் திறக்காதீர்கள்.

இனிமேல் கருத்தடை எதற்கு?

வேண்டும். தாறுமாறாக வந்தாலும் முட்டை எப்போதாவது வெளிவரும். 50 வயதுக்குள் நின்றால் கடைசி மாதவிடாய்க்குப் பிறகு இரண்டு வருடம், 50-க்கு மேல் நின்றால் ஒரு வருடம் கருத்தடை தொடர வேண்டும். மெனோபாஸுக்கான ஹார்மோன் சிகிச்சை கருத்தடை ஆகாது.

நின்று ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. நேற்று லேசாக ரத்தம் பட்டது. மறுபடி வருகிறதா?

இல்லை. ஒரு துளி ஆனாலும், ஒரே ஒரு நாள் என்றாலும், வலி இல்லையென்றாலும் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலும் வறட்சியோ சின்னத் தசை வளர்ச்சியோதான். ஆனால் இப்படி வருபவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேர் போல கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயாக இருக்கிறது. அந்தப் புற்றுநோய் ஆரம்பத்திலேயே இப்படி அடையாளம் காட்டிவிடும். அப்போதே பிடித்தால் பெரும்பாலும் குணமாகும். பலர் "இளமை திரும்புது" என்று சிரித்துவிட்டு மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எனக்கு மெனோபாஸ் எப்போது?

சூலகங்களை விட்டுவைத்தார்களா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அறுவை சிகிச்சைக் குறிப்பில் இருக்கும். விட்டுவைத்திருந்தால் மாதவிடாய் மட்டும்தான் நின்றிருக்கிறது, ஹார்மோன் ஓடிக்கொண்டிருக்கும்; மெனோபாஸ் கொஞ்சம் முன்னதாக வரலாம், வெக்கை வந்தால்தான் தெரியும். சூலகங்கள் இரண்டையும் எடுத்திருந்தால் மறுநாளே மெனோபாஸ். படிப்படியாக இறங்கவேண்டியது ஒரேயடியாக விழுவதால் தொந்தரவு கடுமையாக இருக்கும்.

எலும்பு?

போகாத ரகத்தில் இரண்டாவது, அதுவும் வலிக்காமல் வருவது. நின்ற முதல் ஐந்து வருடத்தில் எலும்பு அடர்த்தி 10 சதவீதம் வரை குறையலாம். மணிக்கட்டோ இடுப்போ முறியும்வரை ஒன்றும் தெரியாது. ஐம்பதுக்கு மேல் நாளுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் என்பது பல நாடுகளில் சொல்லும் அளவு. முடிந்தவரை உணவிலிருந்து, மீதிக்கு மட்டும் மாத்திரை. வைட்டமின் டி குறைவாக இருந்தால் கால்சியம் உடம்பில் சேராது. நடப்பது நல்லது, ஆனால் நடை மட்டும் போதாது. எலும்பில் பளு ஏற வேண்டும். எடை தூக்குவது, படியேறுவது, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது எல்லாம் கணக்கில் சேரும். 65 வயதில் எலும்பு அடர்த்திப் பரிசோதனை. சீக்கிரம் நின்றவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், பெற்றோருக்கு இடுப்பு முறிந்தவர்கள் அதற்கு முன்பே.

எடை ஏறிக்கொண்டே போகிறது. இதுவும் ஹார்மோனா?

எடை ஏறுவது பெரும்பாலும் வயதாலும், தசை குறைவதாலும். அது இடுப்பிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறுவது ஹார்மோனால்.

எனக்கு 53 வயது. நின்று இரண்டு வருடம் ஆகிறது. எந்தத் தொந்தரவும் இல்லை. ஏதாவது செய்ய வேண்டுமா?

சிகிச்சை எதுவும் வேண்டாம். அப்படியும் பலர் இருக்கிறார்கள், வெளியே சொல்வதில்லை. ஆனால் கெட்ட கொழுப்பு இந்த வருடங்களில்தான் சத்தமில்லாமல் ஏறும். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மார்பகத்துக்கும் கருப்பை வாய்க்கும் செய்யும் பரிசோதனைகள் மாதவிடாய் நின்றதோடு நிற்பதில்லை. உங்கள் வயதுக்கு எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் கடைசி மாதவிடாய் வந்த தேதியை எங்காவது எழுதி வையுங்கள். இனி எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்.